பிபிஎம் குறைவு என்றால் ஃபில்டரைப் பார்க்க வேண்டாமா?

பழைய எஞ்சின் ஆயிலின் லேப் ரிப்போர்ட்டில் இரும்பு, செம்பு அளவு (பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) குறைவாக இருந்தால் எஞ்சினுக்குள் எதுவும் உதிரவில்லை, ஃபில்டரைத் திறந்து பார்க்கத் தேவையில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை வழிமொழிகிறார்கள்.

அந்த ரிப்போர்ட் அவ்வளவு தூரம் சொல்வதில்லைங்க. உலோகங்களை அளக்கும் ஐசிபி கருவியில் ஆயிலைக் கரைப்பானில் கலந்து, பனிப்புகை போலப் பிளாஸ்மா என்ற மிகச் சூடான வாயுவுக்குள் தெளிப்பார்கள். சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான துகள்கள்தான் ஒழுங்காக எரிந்து கணக்கில் வரும். ரிங், சிலிண்டர் சுவர் மெல்லத் தேய்வது இதில் நன்றாகவே தெரியும். ஆனால் பேரிங் செதில் செதிலாகப் பெயர்ந்தால் அந்தச் செதில்கள் பெரியவை. பாதி ஃபில்டரிலேயே சிக்கிவிடும். சாம்பிள் பாட்டிலுக்கு வந்தாலும் கருவி அவற்றைக் குறைத்தே காட்டும்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. பெரும்பாலும் பின்பற்றப்படும் ஏஎஸ்டிஎம் டி5185 என்ற ஆயில் பரிசோதனை முறையின் முதல் பகுதியிலேயே, சில மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களுக்கு முடிவு குறைவாக வரும் என்று இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்கவும் வழி உண்டு. அடுத்த ஆயில் மாற்றத்தில் பழைய ஃபில்டரை அதற்கான கட்டரால் வெட்டுங்கள் (ஹேக்சா வேண்டாம், அதன் தூளையே எஞ்சின் தூள் என்று நினைத்துப் பயப்படுவீர்கள்). காகித மடிப்புகளை விரித்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. பேரிங்கின் செம்பும் அலுமினியமும் ஒட்டாது, மினுமினுப்பை வைத்துக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.