இரண்டு விரலும் ஒரு கிராப்பும்

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பிடித்துப் பாருங்கள். "இத்துனூண்டு உப்பு போதும்" என்று சொல்லும்போது கை தானாக அப்படித்தான் போகும். தென் கொரியாவில் விளம்பரத்துக்குப் படம் வரைகிறவர்கள் இந்தக் கையை வரைய பத்து தடவை யோசிக்க வேண்டும்.

2015-இல் அங்கே மெகாலியா என்று ஓர் இணையதளம் இருந்தது. ஆண்கள் இணையத்தில் பெண்களைப் பேசிய பேச்சை அப்படியே ஆண்கள் மேல் திருப்பிவிடுவது அதில் எழுதிய பெண்களின் பாணி. அதன் சின்னம்தான் இந்த விரல்கள். 'உன்னுடையது இவ்வளவுதான்' என்ற நக்கல். மட்டமான நக்கல்தான், நான் வக்காலத்து வாங்கவில்லை. தளம் சில வருடங்களில் ஓய்ந்துவிட்டது. ஆண்கள் குழுக்களில் விரல் வேட்டை மட்டும் ஓயவில்லை.

2021 மே மாதம் ஜிஎஸ்25 கடைகளின் விளம்பரம் ஒன்றில் சாசேஜை எடுக்கப் போகும் ஒரு கை. உடனே ரகளை. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, வடிவமைத்தவர் மீது நடவடிக்கையும் எடுத்தது. 2023 நவம்பரில் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டின் அனிமேஷனில் கண்ணிமைக்கும் நேரம் வந்துபோன ஒரு கை. ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பழைய பதிவுகளைத் தோண்டி, 'இவள் வேலைதான்' என்று முடிவு கட்டினார்கள். விளையாட்டை நடத்தும் நெக்ஸான் நிறுவனம் பதறிப்போய் வீடியோவை நீக்கியது. அப்புறம் பார்த்தால், அந்தக் காட்சியை வரைந்தவர் நாற்பதுகளில் இருக்கும் ஓர் ஆண் என்று செய்தி வந்தது!

எனக்கு ரகளை செய்த அந்தப் பையன்களைவிட இந்த நிறுவனங்கள் மேல்தான் கோபம். நாலு பேர் கத்தினால் மன்னிப்புக் கடிதம் வரும் என்று பழக்கிவிட்டது அவர்கள்தான். வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற பயத்தில், இல்லாத குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

பையன்களுக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அங்கே ஆண்களுக்கு மட்டும் ராணுவ சேவை கட்டாயம்; இருபது வயதில் ஒன்றரை வருடத்தை அதற்குக் கொடுப்பது லேசில்லை. முன்பு அப்படிப் போய் வந்தவர்களுக்கு அரசுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் இருந்தது. 1999-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 'பெண்கள் பறித்துவிட்டார்கள்' என்ற புலம்பல் அங்கே தொடங்குகிறது. வழக்குப் போட்டவர்களில் மாற்றுத்திறனாளியான ஓர் ஆணும் உண்டு என்பது அந்தப் புலம்பலில் வராது. கட்டாய சேவைச் சட்டத்தை வைத்திருக்கும் நாடாளுமன்றத்தில் 2024 தேர்தலுக்குப் பிறகும் 300 பேரில் பெண்கள் 60 பேர்தான். ஆனால் சண்டை விளம்பரம் வரைகிறவளோடு.

இதில் ஓட்டு இருக்கிறது என்று அரசியல்வாதிக்குத் தெரியாதா? 2022 ஜனவரியில் அதிபர் தேர்தல் வேட்பாளர் யூன் சுக் இயோல் முகநூலில் ஒற்றை வரி போட்டார்: பாலின சமத்துவ அமைச்சகத்தை ஒழிப்பேன். மார்ச்சில் 0.73 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் அதிபரானார். அமைச்சகத்தை அவரால் ஒழிக்க முடியவில்லை என்பது வேறு கதை.

விரலுக்கு அடுத்தது முடி. டோக்கியோ ஒலிம்பிக்கில் வில்வித்தையில் மூன்று தங்கம் வாங்கிய ஆன் சானுக்கு அப்போது இருபது வயது. கிராப் வெட்டியிருந்தார். அதனால் ஃபெமினிஸ்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், பதக்கத்தைத் திருப்பித் தர வேண்டுமாம். (போன மாதம் என் மகளும் கிராப் வெட்டிக்கொண்டாள். "வெயிலுக்கு நல்லா இருக்குப்பா" என்றாள். அவ்வளவுதான் காரணம்.) இந்தத் தடவை அவரைக் காப்பாற்றச் சொல்லி வில்வித்தை சங்கத்துக்கு ஆதரவுக் குரல்கள் குவிந்தன. பெண்கள் தங்கள் கிராப் படங்களைப் போட்டார்கள். ஆன் சானும் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மூன்றாவது தங்கத்தை ரகளைக்கு நடுவில்தான் அடித்தார்.

2023 நவம்பர், ஜின்ஜு நகரம். இரவில் ஒரு கடையில் பகுதி நேர வேலை பார்த்த பெண்ணை ஒருவன் அடித்தான். "முடி குட்டையாக இருக்கிறது, நீ ஃபெமினிஸ்ட், அடிவாங்க வேண்டியவள்" என்பது அவன் சொன்ன காரணம். அவளுடைய செவித்திறன் பாதிக்கப்பட்டது. தடுக்க ஓடிவந்தவர் ஐம்பதுகளில் இருந்த ஒரு மனிதர். அவரையும் அடித்தான்.

அவனுக்கு மூன்று வருடச் சிறை. விரலைத் தேடியவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் உடனுக்குடன் கிடைத்தது. இந்தப் பெண் அடிவாங்கியதற்குக் காரணம் பெண் வெறுப்புதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் எழுத, 2024 அக்டோபர் ஆகிவிட்டது.