அம்மாயி பெயில் இல்லை

அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். ஆமாம், முதியோரின் ஞாபகசக்தியைச் சோதித்த முகாமில், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு "ஏழு... ஏழு..." என்று விழிப்பவர் என் அம்மாயிதான். பின்னால் கேட்கும் சிரிப்பு யாருடையது என்பதும் எனக்குத் தெரியும். பெயர் போடப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அங்கே சோதித்தது ஞாபகசக்தியை இல்லை, அம்மாயி பள்ளிக்கூடம் போனாரா என்பதை. போகவில்லை. அதை நேரே கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் பதில் கிடைத்திருக்கும், முகாமில் கொடுத்த பனிஸும் மிச்சமாகியிருக்கும்.

அந்தக் கேள்விகள் 1975 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில் இருப்பவை. மொத்தம் 30 புள்ளி. 24 க்குக் கீழே இறங்கினால் முதுமை மறதியோ என்று சந்தேகம். நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்கு 5 புள்ளி. எழுதியிருப்பதை வாசித்து அதன்படி செய்ய 1, ஒரு வசனம் எழுத 1, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. கூட்டுங்கள், எட்டு. வாழ்நாளில் பென்சில் பிடிக்காத ஒருவர் மிச்சம் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் 22 தான்! 1993 இல், இதே சோதனையில் 18,000 க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் வாங்கிய புள்ளிகளைப் பார்த்திருக்கிறார்கள். நாலாம் வகுப்பைத் தாண்டாதவர்களில் நடுவில் நிற்பவருக்கு அதே 22, ஒன்பது வருடமாவது படித்தவர்களில் 29. அமெரிக்காக்காரனுக்கே இந்தக் கதி.

டிப்ளோமா படித்த காலத்தில் எனக்குப் பிடித்துப்போன உளவியலாளர் ஒருவர் உண்டு, வார்னர் ஷாய். நாஜிகளிடமிருந்து தப்பி ஷாங்காயில் அகதியாக வளர்ந்து, அப்புறம் அமெரிக்கா போனவர். 1956 இல் சியாட்டிலில் இருபதுகளிலிருந்து எழுபது வயது வரை 500 பேரைச் சோதித்தார். வயசாளிகள் மோசமாகத்தான் செய்தார்கள். வேறொருவர் என்றால் அதோடு கட்டுரை எழுதிவிட்டுப் போயிருப்பார். இவர் ஏழு வருடம் பொறுத்து, 1963 இல் அதே ஆட்களைத் தேடிப் போனார். அப்புறம் 1970. அப்புறம் 1977. இப்படியே ஒரு ஆயுள். அதே ஆளை அதே ஆளோடு ஒப்பிட்டபோது, அறுபது வயது வரை பெரும்பாலான திறன்கள் பெரிதாகச் சரியவில்லை. பழைய தலைமுறை புள்ளி குறைவாக வாங்கியதில் பெரும் பங்கு அவர்கள் வளர்ந்த காலத்துக்கும் கிடைத்த படிப்புக்கும். அவரும் மனைவி ஷெரி வில்லிஸும் முதியவர்களுக்கு வெறும் ஐந்து மணி நேரப் பயிற்சி கொடுத்தபோது மூன்றில் இரண்டு பேர் முன்னேறினார்கள். மனிதர் 2023 இல் 95 வயதில் போய்ச்சேர்ந்தார். அவருக்கு ஐம்பது வருடம் பிடித்த கேள்வியை நம்மவர்கள் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

கழிக்கத் தெரியாதாம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து நிறுத்த காலத்தில் காலையில் 9, மத்தியானம் 7, அந்திக்கு 6 என்று விரல் கணுவில் வைத்துக்கொண்டு, சீட்டில் 19 என்று இருந்தால் "மூணு கிலோ எங்கய்யா?" என்று தோட்டத்து ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று கேட்ட மனுஷி அவர். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று என்ன சொன்னாலும் நகரமாட்டார். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய மஸ்கெலியா டவுனைக் கேளுங்கள். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்று வரிசையாகச் சொல்வார். தண்ணீர் வற்றி பழைய கோயில் தலைகாட்டிய ஒரு வருடம் கூட்டிக்கொண்டு போனேன். படிக்கட்டு இந்தப் பக்கம் என்றார். இந்தப் பக்கம்தான் இருந்தது.

"பழசு ஞாபகம் இருந்து புதுசு மறப்பதுதானே அந்த நோய்?" என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் முந்தாநாள் கடைக்காரர் நாற்பது ரூபா மீதி தரவில்லை என்பதை நேற்று எனக்கு ஞாபகப்படுத்தியதும் அம்மாயிதான். நான்தான் மறந்திருந்தேன்.

"முதுமை மறதியே இல்லை என்கிறாயா?" நான் அப்படிச் சொல்லவே இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒழுங்காகச் சோதியுங்கள் என்கிறேன்.

"அந்தப் பிள்ளைகள் இலவசமாக வந்து சேவை செய்தார்கள்." சரி, சேவைக்கு நன்றி. வீடியோவும் சேவையில் சேர்த்தியா?

கேள்வி கேட்டு பெயிலாக்குவது எங்கள் மலையகச் சனத்துக்குப் புதுசும் இல்லை. 1948 இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, உன் அப்பன் எங்கே பிறந்தான், தாளைக் காட்டு என்றார்கள். இங்கேயே பிறந்தவர்களும் காட்டத் தாளில்லாமல் நாடற்றவர்கள் ஆனார்கள். அம்மாயி கைக்குக் குடியுரிமை வந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அன்றைக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் படித்தவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். இதையும் அதையும் முடிச்சுப் போடாதே என்பீர்கள். போடுவேன். இது நான் எழுதும் பக்கம்.

முகாமிலிருந்து வந்த அன்று ராத்திரி அம்மாயி கேட்டார், "ஏன் ராசா, நான் பெயிலாப் போயிட்டேனா?"

இப்போது விடிந்ததும் சாயத்தண்ணி குடிப்பதற்கு முன்னால் என்னிடம் திகதி கேட்கிறார். இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். அவர்கள் திரும்பி வந்தால் சொல்ல வேண்டுமாம்.