குலசை தசராவுக்குக் காளி வேடம் கட்டப் போறவங்க கவனத்துக்கு

காளி செட் வாடகை விளம்பரங்கள் வர ஆரம்பிச்சாச்சு. எட்டுக் கை, அடுக்குக் கிரீடம், போட்டோவுக்கு அம்சமாத்தான் இருக்கு. ஆனா குலசைங்கிற தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்துல முத்தாரம்மனுக்கு வேடம் கட்டுறது வீடு வீடாப் போய்த் தர்மம் எடுக்க. ராஜா வேடக்காரரும் கையேந்தணும், நேர்த்திக்கடனே அதுதான். குனிஞ்சு காணிக்கை வாங்க முடியாத வேடம், என்னைக் கேட்டா, வேடமே இல்லை.

அதனால முதல்ல பாரத்தைப் பாருங்க. கிரீடத்துல முன்பக்கம் கனம் கூடினா ஒரு தெரு தாண்டுறதுக்குள்ள பிடரி இழுக்கும். சவுரிமுடிக்கு அடியில பருத்தித் துணியைச் சும்மாடா சுத்தி, அதுமேல கிரீடத்தை இறுக்குங்க. நேரா நெற்றியில பதிஞ்சா தோல் உரியும், வேர்வை கண்ணுக்குள்ள இறங்கும். கைகள் பூட்டின பலகையைத் தோள்ல மட்டும் கட்டுறதுதான் பலரும் பண்ற தப்பு. குனிஞ்சதும் மொத்தமும் தலைக்கு மேல சாயும். இடுப்புல அகலமான துணியால ரெண்டாவது கட்டு அவசியம். ஆயுதம் அட்டையோ தெர்மாகோலோ போதும். இரும்பு வேலும் வாளும் கொண்டுவரப் போலீஸ் தடை இருக்கு, கூட்டத்துல அது நியாயமும்கூட.

முகத்துக்கு முதல்ல தேங்காயெண்ணெய், அப்புறம்தான் வர்ணம். கடையில அள்ளித் தர்ற செந்தூரத்துல ஈயம் கலந்தது உண்டு. வாய் ஓரம், இமைப் பக்கம் பூசாதீங்க. முகத்துக்குன்னே விக்கிற சாயத்தை முந்தின நாளே முழங்கை மடிப்புல தடவிப் பாருங்க. அரிச்சா வேண்டாம். கலைக்கும்போது சோப்பை எடுக்காம, எண்ணெய் தொட்ட துணியால துடைச்சுட்டுப் பயத்தமாவு போடுங்க.

கண்மேல வைக்கிற கண்மலரைக் கட்டினா பக்கவாட்டுல எதுவும் தெரியாது, வீரப்பல்லுங்கிற கோரைப்பல் வாயில இருந்தா பேச வராது. கூட ஒருத்தர் இல்லாம கிளம்பாதீங்க. படி, சாக்கடை சொல்றதும் உண்டியலைப் பிடிக்கிறதும் அவர் வேலை. கூட்டத்துல காளிகள் மயங்கி விழுந்தா உடனே அருள்னு விலகி நிக்கிறாங்க. பாதி நேரம் அது வெறும் தாகம். பல்லைக் கழட்டி, நினைவு தெளிஞ்சதும் இளநீர் கொடுங்க.

விரதம் பத்தி ஒரே வார்த்தை: காளிக்கான 41 நாளோ 48 நாளோ விரதம் இருக்க முடியாதவங்க குறவன், கரடி, குரங்குன்னு கட்டலாம். அம்மனுக்கு அதுல குறைச்சல் ஒண்ணும் இல்லை. எந்த வேடமானாலும் கொடியேறி, கையில காப்புக் கயிறு கட்டின பிறகுதான்.

பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில மகிஷாசுரன் சிங்கத் தலை, எருமைத் தலைன்னு மாத்தி மாத்தி வர்றான், சூலம் இறங்குது. சம்ஹாரம் முடிஞ்சதும் செட்டைத் திருப்பணும்னு அங்கேயே காப்பை அவுக்கிறது இப்போ கூடிக்கிட்டே போகுது. மறுநாள் அம்மன் கோவிலுக்குத் திரும்பி, அம்மன் காப்பைக் களைஞ்ச பிறகுதான் நம்ம காப்பு. வாடகை பேசும்போதே ஒரு நாள் சேத்துப் பேசிருங்க.