“சுயநிதிப் பள்ளி, ஆர்டிஐ பொருந்தாது”: இதை இன்னும் எத்தனை வருஷம் சொல்வீர்கள்?

தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளியைப் பற்றி மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தகவல் கேட்டுப் பாருங்கள். வரும் பதில் ஏறக்குறைய எல்லா மாவட்டத்திலும் ஒன்றுதான். பள்ளி சுயநிதியில் நடக்கிறது, அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தாது எனத் தெரிவிக்கலாகிறதாம். பள்ளியிடமா கேட்டோம்? உங்களிடம் அல்லவா கேட்டோம்!

சட்டத்தின் 2(எஃப்) பிரிவை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். வேறு எந்தச் சட்டத்தின்படியாவது ஓர் அரசு அலுவலகம் தனியார் அமைப்பிடமிருந்து பெறக்கூடிய விவரமும் ‘தகவல்’தான். அங்கீகாரக் கோப்பு, ஆய்வறிக்கை, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், 25 சதவீத இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை எல்லாம் உங்கள் அலமாரியில் இருக்கின்றன. இல்லையென்றால் எதைப் பார்த்து அங்கீகாரம் கொடுத்தீர்கள்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய மாநிலம் இது. ஒரு பள்ளியின் தீயணைப்புச் சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்பவரிடம், மூன்றாம் தரப்பு ரகசியம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

இதைவிடக் கேவலமான தந்திரம் ஒன்று உண்டு. மனு முதன்மைக் கல்வி அலுவலகம் போகும். அங்கிருந்து 6(3) பிரிவில் மாவட்டக் கல்வி அலுவலகம். அங்கிருந்து அதே 6(3)-ஐப் போட்டுத் தனியார் பள்ளித் தாளாளருக்கு! 6(3) என்பது ஒரு பொது அதிகார அமைப்பிலிருந்து (இந்தச் சட்டத்துக்குள் வரும் அரசு சார்ந்த அமைப்பு) இன்னொரு பொது அதிகார அமைப்புக்கு 5 நாளுக்குள் மாற்றுவது. பள்ளி பொது அதிகார அமைப்பே இல்லை என்று ஒரு கடிதத்தில் சொல்லிவிட்டு, அடுத்த கடிதத்தில் அதற்கே மனுவை மாற்றுகிறீர்களே, எது உண்மை? நடுவில் நடக்கும் ஒரே காரியம், மனுதாரரின் பெயரும் முகவரியும் தாளாளர் மேசைக்குப் போய்ச் சேர்வதுதான். மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை எழுப்பி நிறுத்தப்படும். அதனால் பெற்றோர் பெயரில் போடாதீர்கள். தாத்தா போடட்டும், மாமா போடட்டும், வேறு ஊர் முகவரியில் போடட்டும். ஏன் கேட்கிறாய் என்று கேட்க 6(2) இடம் தரவில்லை. இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும்.

உதவி பெறும் பள்ளியானால் கதையே வேறு. அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் தனியார் நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அரசு சம்பளம் வாங்கும் பள்ளி ‘நாங்கள் தனியார்’ என்று கடிதம் எழுதினால், மேல்முறையீட்டின் முதல் பத்தியிலேயே அந்தத் தீர்ப்பைப் போடுங்கள்.

மனுதாரர்களும் கொஞ்சம் திட்டு வாங்க வேண்டியவர்கள்தான். “ஏன் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள்? ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று பொரிந்து தள்ளி நாலு பக்கம் எழுதுகிறீர்கள். இந்தச் சட்டத்தில் ‘ஏன்’ என்பதற்குப் பதில் கிடையாது. இருக்கும் ஆவணம்தான் கிடைக்கும். அலுவலருக்கு உங்கள் ‘ஏன்’ அல்வா மாதிரி. கோபத்தை மடித்து வைத்துவிட்டு ஆவணத்தின் பெயரைச் சொல்லுங்கள். கட்டண நிர்ணயக் குழு இந்தப் பள்ளிக்குக் கடைசியாகப் பிறப்பித்த ஆணையின் நகல். பள்ளி குழுவிடம் கொடுத்த வரவு செலவுக் கணக்கின் நகல். இன்ன தேதியிட்ட புகார் மனுவின் ந.க. எண் (அலுவலகம் அதற்குப் போட்ட கோப்பு எண்), அது பதிவான தன்பதிவேட்டுப் பக்கத்தின் நகல், குறிப்புக் கோப்பின் எல்லாப் பக்கங்களும். தன்பதிவேடு என்ற சொல்லைப் பார்த்ததுமே அந்தப் பிரிவு எழுத்தர் நிமிர்ந்து உட்காருவார். மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்பது அதில்தான் இருக்கிறது. கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்பார்கள் என்று தோன்றினால், அழிப்பு ஆணையின் நகலையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். அதே வில்லையை ஒட்டி சிபிஎஸ்இ-க்கோ கேந்திரிய வித்யாலயாவுக்கோ அனுப்பினால் திரும்பி வரும். அவை மத்திய அமைப்புகள், அஞ்சல் ஆணை வேண்டும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர வேண்டிய 30 நாளில், 29-ஆம் நாளில் நகல் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். நீங்கள் பணம் கட்டும் வரை நாள் கணக்கு நிற்கும் என்பதற்காகவே வைத்திருக்கும் கடிதம் அது. 30 நாள் தாண்டிய பிறகு கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள், 7(6)-இன்படி இலவசம்.

ஆசிரியர் தகுதி, காலிப் பணியிடம் கேட்டால் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி, தனிநபர் தகவல் என்று மறுப்பது பழைய வழக்கம். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவையே சுருக்கி, பொதுநலன் என்ற விதிவிலக்கை அதிலிருந்து உருவிவிட்டது. மறுப்பவருக்கு இனி இன்னும் வசதி. ஆனாலும் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) அப்படியே இருக்கிறது. பெயரை மறைத்து மீதியைத் தரச் சொல்லும் 10-ஆம் பிரிவும் இருக்கிறது. பெயர் வேண்டாம், பாடவாரியாக எண்ணிக்கையும் கல்வித் தகுதியும் போதும் என்று மனுவிலேயே எழுதினால், மறுப்பவருக்குப் பிடிமானம் இருக்காது.

முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள். பெரும்பாலும் அதே கட்டடத்தில், ஒரு படி மேலே உட்கார்ந்திருப்பவரிடம். அவர் என்ன எழுதுவார் என்று சொல்லவா வேண்டும்? ஆனாலும் அதைத் தாண்டாமல் தகவல் ஆணையத்தில் மேல்முறையீடு போட முடியாது. பிறகு 90 நாளுக்குள் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு, 19(3) பிரிவில். இங்கே பலரும் கோபத்தில் 18-ஆம் பிரிவில் புகார் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். புகாரில் அபராதம் போடலாமே தவிரத் தகவலைக் கொடு என்று ஆணையம் உத்தரவிட முடியாது. 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகவல் வேண்டுமா, 19(3)-இல் போங்கள்.

அந்த அபராதக் கணக்கு இன்னொரு கூத்து. தகவல் தராத அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. அதாவது 100 நாள். 101-ஆம் நாளிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் கூடுதல் செலவு இல்லை! விசாரணைத் தேதி வருவதற்குள் பிள்ளை பத்தாம் வகுப்பையே முடித்திருக்கும்.

விசாரணை அன்று காலையில், ஆணைய வாசலிலேயே அலுவலகத்தார் ஒரு கவரை நீட்டி, தகவல் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொல்வார்கள். கேட்டது ஏழு ஆவணம், உள்ளே இரண்டுதான் இருக்கும். அங்கேயே பக்கத்தை எண்ணுங்கள். கையெழுத்துக்கு மேலே, பெற்றது இத்தனை பக்கம் மட்டும், வரிசை எண் 3 முதல் 7 வரை தரப்படவில்லை என்று உங்கள் கையால் எழுதி, அதன் நகலையும் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள்.