வாரண்டி முடிந்ததும் பழுது என்னுடையதாகிவிடுமா?

"அதான் வாரண்டி முடிஞ்சு போச்சே, அப்புறம் எதுக்குப் புலம்பல்?" என்று, வாரண்டி முடிந்த பிறகு என் போன் திரையில் பச்சைக் கோடு விழுந்ததையும் சர்வீஸ் சென்டரில் பணம் கேட்டதையும் சொன்ன சனிக்கிழமைப் பதிவுக்குக் கீழே வந்து கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனித்தனியாகப் பதில் போட்டு அலுத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். ஜாப் ஷீட்டின், அதாவது அவர்கள் பழுதை எழுதிக் கொடுத்த சீட்டின், படத்தை அன்றைக்கே போட்டிருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். செய்யும்போதே உள்ளே இருந்த குறை வெளியே தெரியக் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டால், அது எப்படி வாங்கியவள் தலையில் விழும்? வாரண்டி என்பது கம்பெனி தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட கெடு. பதினைந்தாவது மாதத்தில் தெரிந்தாலும் அது முதல் நாளே உள்ளே இருந்த குறைதான்.

பச்சைக் கோட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் "கீழே போட்டிருப்பீங்க" என்று எழுதுகிறீர்கள். என் போனில் இருப்பது அமோலெட் திரை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும் வகை. அதற்குள் மேலிருந்து கீழாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய மின்பாதைகள் ஓடுகின்றன. ஒவ்வொரு பாதையும் ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு சிக்னல் கொண்டுபோகிறது. இவை எல்லாம் திரையின் விளிம்பில் ஒரு மெல்லிய பட்டையோடு ஒட்டப்பட்டிருக்கும். சூட்டிலும் ஈரத்திலும் அந்த ஒட்டு ஓரிடத்தில் விட்டுப்போனால் அந்த வரிசை முழுக்க அணையாமல் எரிந்துகொண்டே நிற்கும். அதுதான் கோடு. அப்டேட் போட்ட அன்றைக்குப் பலருக்கு இது வருவதற்கும் அதுதான் காரணம் என்கிறார்கள் பழுது பார்ப்பவர்கள். அப்டேட் ஓடும்போது போன் சூடாகிறது, ஏற்கனவே பலவீனமாக இருந்த ஒட்டு அப்போது விட்டுவிடுகிறது. இதில் என் கைக்கு எங்கே வேலை? ஒட்டியது நானா?

"எலெக்ட்ரானிக்ஸ்னா அப்படித்தான்" என்பவர்களுக்கு: அப்படித்தான் என்றால் சில கம்பெனிகள் ஏன் ஏற்றுக்கொண்டன? 2024 டிசம்பரில் ஒன்பிளஸ் தன் அமோலெட் போன்களில் பச்சைக் கோடு வந்தால் இந்தியாவில் வாழ்நாள் முழுக்க இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. சூடும் ஈரமும் உள்ளே போகாமல் விளிம்பை இன்னும் இறுக்கமாக ஒட்டும் முறைக்கு மாறியிருப்பதாகவும் சொன்னது. என் போன் அவர்களுடையது இல்லை. ஆனால் அதே வகைத் திரை, அதே கோடு. ஒருவர் தன் குறை என்று ஒப்புக்கொள்ளும்போது இன்னொருவருக்கு மட்டும் அது எப்படி என் குறை ஆகும்?

குறையை வாங்கியவர் தலையில் கட்டுவது இன்றைக்கு நேற்று வந்த பழக்கமும் இல்லை. 2010இல் ஆப்பிளின் ஐபோன் 4ஐ ஒரு பக்கமாகப் பிடித்தால் சிக்னல் விழுந்தது. முதலில் வந்த பதில், வேறு மாதிரிப் பிடியுங்கள் என்பதுதான். சத்தம் பெரிதான பிறகுதான் இலவசமாக உறை கொடுத்தார்கள். அதே கம்பெனி 2015இல் மேக்புக்கில் புதுவிதக் கீபோர்டைக் கொண்டுவந்தது. பொடித் தூசி போனாலே எழுத்து சிக்கியது. 2018இல்தான் வாங்கிய நாளிலிருந்து 4 ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்றார்கள். 2022இல் அமெரிக்க வழக்கில் 5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்டின் வீடியோ கேம் கருவியான எக்ஸ்பாக்ஸ் 360இல் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து கருவியே செத்துப்போன கதையும் தெரிந்திருக்கும். 2007இல் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை 3 ஆண்டாக நீட்டினார்கள், அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். வாரண்டிக் கெடு கல்லில் வெட்டியது என்றால் இவர்கள் எப்படி நீட்டினார்கள்? நீட்டலாம். மனசு வேண்டும், இல்லையென்றால் பயம் வேண்டும்.

அந்த சர்வீஸ் சென்டர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு வலித்தது அங்கேதான். பணத்தைக் கூட விடுங்கள். கவுன்டரில் இருந்த தம்பி கோட்டைப் பார்க்கவே இல்லை. "தண்ணில விழுந்துச்சா மேடம்?" என்றுதான் முதல் கேள்வி. இல்லைப்பா என்றேன். சிம் தட்டை உருவி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே அந்தக் குட்டி ஸ்டிக்கர் வெள்ளையாகவே இருந்தது. தண்ணீர் பட்டிருந்தால் சிவந்திருக்கும். சரி, இனிமேலாவது கோட்டைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பெரிதாக்கிக் காட்டும் கேமராவை எடுத்து நாலு மூலையிலும் வைத்துத் தேடினார். இடது மூலையில், பெயின்ட் ஊசிமுனை அளவுக்குப் போயிருந்த ஓர் இடம். கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் திரையில் கிணறு மாதிரி பெரிதாகத் தெரிந்தது. உடனே 'பிசிக்கல் டேமேஜ்' என்று அடித்துவிட்டு, டிஸ்ப்ளே மாற்ற 17,800 ரூபாய் என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லி ஏமாற்ற வந்தவளைப் பார்ப்பது போல.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. என் சித்தி பையன் கோயம்புத்தூரில் வேறொரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இருக்கிறான். போனில் கேட்டேன். "அக்கா, கோடு விழுந்த போன் வந்தா முதல்ல நாலு மூலையையும் போட்டோ எடுக்கச் சொல்லியிருக்காங்க. கீறல் ஒண்ணு கிடைச்சா கேஸ் அங்கயே முடிஞ்சிரும்" என்றான். திட்டு வாங்குவது இந்தப் பிள்ளைகள். விதி போட்டவர்கள் நம் கண்ணிலேயே படுவதில்லை.

இன்சூரன்ஸ் எடுத்திருக்கலாமே என்கிறார்கள். நான் கீழே போட்டு உடைத்தால் அதற்கு இன்சூரன்ஸ். அவர்கள் ஒழுங்காக ஒட்டாததற்கு நான் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்? இதற்கு மேல் அதற்குப் பதில் கிடையாது.

அப்புறம் அந்த இன்னொரு கமெண்ட். "ஆரி வேலை செய்யறவங்களுக்கு எதுக்கு 64,000 ரூபாய் போன்?" இதற்கு முப்பது பேருக்கு மேல் லைக் போட்டிருக்கிறீர்கள், அதில் என்னிடம் ப்ளவுஸ் கொடுத்தவர்களும் இருக்கிறீர்கள்.

எதுக்கு என்று சொல்கிறேன். ப்ளவுஸில் நூலும் கல்லும் வைத்து ஆரி எம்பிராய்டரி போடுவதுதான் என் தொழில். என் கடைக்கு போர்டு கிடையாது, வீட்டு முன்னறைதான் கடை. ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும்தான் வருகிறது. சேலையின் முந்தானையைப் படம் எடுத்து அனுப்புவார்கள், அதைப் பார்த்து நான் சர்தோசி ஜரிகையும் பட்டு நூலும் எடுக்க வேண்டும். அரக்குக்கும் மெரூனுக்கும் உள்ள வித்தியாசம் திரையில் தெரியாவிட்டால் கல்யாண ப்ளவுஸ் போச்சு. இப்போது எந்தப் படத்தைத் திறந்தாலும் நடுவில் பச்சைக் கோடு. கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் நிறம் வெளிறிப்போய்த் தெரிகிறது. போன வாரம் ஒரு பெண்ணிடம் சேலையையே நேரில் கொண்டுவரச் சொல்லி, மன்னார்குடியிலிருந்து திருச்சிக்கு வரவைத்தேன். இந்த போன் எனக்கு ஆடம்பரம் இல்லை. தவணை கட்டி வாங்கிய தொழில் சாமான். கடைசித் தவணை கட்டி முடித்துக் கொஞ்ச நாளில் கோடு வந்தது.

அதோடு என் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் தைத்த கல் ஒரு வருஷம் கழித்து உதிர்ந்து, யாராவது கொண்டுவந்தால், "எப்போ வாங்கினீங்க, பில் எங்கே, வியர்வை பட்டுச்சா" என்று கேட்பேனா? வாங்கி வைத்துக்கொண்டு திரும்பக் கோர்த்துக் கொடுப்பேன். முடிச்சு சரியாகப் போடாதது நான் என்று பார்த்தாலே தெரியும். 3,500 ரூபாய் ப்ளவுஸுக்கு நான் கொடுக்கிற மரியாதையை 64,000 ரூபாய் வாங்கியவர்கள் எனக்குக் கொடுக்கக் கூடாதா? பணக்காரத் தெருவில் காரில் வந்து இறங்கியிருந்தால் அந்தக் கேமராவை எடுத்திருப்பார்களா என்றுகூடத் தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன், தப்பென்றால் சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுப் பொருள் எது வாங்கினாலும் சட்டப்படி குறைந்தது 2 ஆண்டு பாதுகாப்பு உண்டு. நமக்கு அப்படி ஒரு குறைந்தபட்சக் கெடுவைச் சட்டம் வைக்கவில்லை, கம்பெனி எழுதியதுதான் அளவு. பெரும்பாலும் 1 ஆண்டு. இங்கே வெயில் குறைவா, ஈரம் குறைவா? சூட்டில் விட்டுப்போகும் ஒட்டு என்றால் நமக்கல்லவா கூடுதல் காலம் தர வேண்டும்?

கம்பெனி பெயரை ஏன் சொல்லவில்லை, பயமா என்று கேட்கிறீர்கள். பயம் இல்லை. புகார் போடுகிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னார். 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்தாகிவிட்டது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. பிரச்சினை வந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இதே மாதிரி கோடு விழுந்து, அதே மூலைக் கீறலைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கமெண்டில் சண்டை போடாமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். வாங்கிய மாதம், மாடல், ஜாப் ஷீட்டின் படம், இவ்வளவு போதும். கோடு தெரிகிற மாதிரி திரையை வேறொரு போனில் படம் எடுத்து வையுங்கள், ஸ்க்ரீன்ஷாட்டில் கோடு விழாது. காசு கட்டி டிஸ்ப்ளே மாற்றிவிட்டவர்களும் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், அதையும் அனுப்புங்கள்.