சுருதி சேராத குழந்தையைத் திருப்பி அனுப்பாதீர்கள்

பாட்டு வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே "இவளுக்குச் சுருதி ஞானம் இல்லை, வேற ஏதாவது கத்துக்கட்டும்" என்று திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகளை எனக்குத் தெரியும். கேட்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் பாடுபவர்கள், அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் காதைப் பற்றி அவர்கள் நம்புவது நூறு வருடத்துக்கு முந்தைய கருத்து.

1919இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் சீஷோர் இசைத்தட்டில் ஒரு தேர்வு வெளியிட்டார். இரண்டு ஒலிகள் வரும். எது உயர்ந்த சுருதி, எது சத்தம் அதிகம், எது நீளம் என்று சொல்ல வேண்டும். இந்தத் திறன்கள் பிறவியில் வருபவை, பயிற்சியால் பெரிதாக மாறாதவை என்பது அவர் கட்சி. துண்டு துண்டான ஒலிகளைப் பிரித்துச் சொல்வது இசையாகிவிடாது என்று இசைக் கல்வியாளர் ஜேம்ஸ் மர்செல் மறுத்தார். நான் மர்செல் பக்கம்.

2006இல் கிறிஸ்டோஃப் மிஷெய்ல் குழுவினர் செய்த ஆய்வைப் பாருங்கள். மேற்கத்திய செவ்வியல் இசைக் கலைஞர்களால், இசை பயிலாதவர்களைவிட ஆறு மடங்கு நுட்பமாகச் சுருதி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. பிறவி ஞானம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இசை பயிலாதவர்களுக்கு அந்த ஒரே வேலையில் 4 முதல் 8 மணி நேரம் பயிற்சி கொடுத்ததும் அவர்களும் அந்த அளவுக்கு வந்துவிட்டார்கள். அதனால் அவர்கள் பாடகர்களாகிவிடவில்லை, சரி. நுட்பமான காது வேறு, சங்கீதம் வேறு. ஆனால் அந்தக் காதைப் பழக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது.

எதைக் கேட்க வேண்டும் என்று குழந்தைக்கு யாராவது காட்டியிருக்கிறோமா? தம்புராவில் ஒரே ஸட்ஜத்தில் சேர வேண்டிய நடுத் தந்திகள் இரண்டும் (சாரணியும் அனுசாரணியும்) சற்று விலகி இருக்கும்போது உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அதிர்வு), மற்றது 202 என்றால் நாதம் நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். சுருதி சேர்க்கத் தந்தியில் கோத்திருக்கும் மணியை நகர்த்த நகர்த்த அந்த அலைவு மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். "சுருதியோடு சேர்" என்று நூறு தடவை அதட்டுவதைவிட, இதை ஒரு தடவை கேட்கவைப்பது மேல்.

அம்யூசியா என்ற நிலை இருப்பது உண்மைதான். காது பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் மெட்டு பிடிபடாது. அது சிலருக்கே வருவது. இரண்டு வாரத்தில் வகுப்பில் உட்கார்ந்தபடி சொல்லிவிடக் கூடியதும் அல்ல.

அதைவிட அதிகம் பார்க்கக் கூடியது வேறு. சளி பிடித்த சில குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, சில வாரம் காது மந்தமாகிவிடும். பெற்றோர் கவனிக்காமலே போகலாம். அதனால் ஒரு குழந்தை சுருதியில் நிற்கவில்லை என்றால், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். காது சரியாக இருந்தால் மறுபடி தம்புரா முன் உட்காரவையுங்கள், சில மாதமாவது.