குவாட்டருக்கு ஓட்டுப் போட்ட எங்க அத்தை

அந்த ஆடியோவை நானும் கேட்டேன். மூணு தடவை. யார் பேசினது, எந்தக் குரூப்ல வந்ததுன்னு தருமபுரியில எல்லாருக்கும் தெரியும். திரும்ப எழுதி அவரைப் பெரியாளாக்க விரும்பல. "ஆயிரத்துக்கும் குவாட்டருக்கும் ஓட்டுப் போடுற கூட்டம், இதுங்களுக்கு எவன் நல்லது பண்ணுவான்." தேர்தல்ல தோத்து மூணாம் நாள் வந்த பேச்சு. நான் எந்தப் பக்கத்துக்காக வெயில்ல ஓட்டுக் கேட்டு அலைஞ்சேனோ, அந்தப் பக்கத்துலேருந்து வந்த பேச்சு.

தோத்ததுக்கு ஜனங்க காரணம் இல்லைங்க. நாமதான்.

எங்க அத்தைக்கு பென்னாகரம் பக்கம் ஊர். சிரிச்சா முந்தானையால வாயை மூடிக்கும். பல்லு பூரா காவி, தண்ணியில இருந்த ஃப்ளோரைடால. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு இருக்கக் கூடாதாம்; அத்தை குடிச்சு வளர்ந்த கிணத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதுக்குப் பதிலா காவிரித் தண்ணி குடுக்கற ஒகேனக்கல் திட்டத்துக்கு 2008-ல அடிக்கல் போட்டாங்க, 2013-ல திறந்தாங்க. அத்தை வீடு மேட்டுத் தெருவுல கடைசி வீடு. ஏறினாத்தான் தண்ணி.

நம்ம வேட்பாளர் போய் நோட்டீஸ் குடுத்தார். நல்லவர், கை சுத்தம், இன்னைக்கும் சொல்வேன். அத்தை கேட்டது ஒண்ணே ஒண்ணு: "தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும் சாமி?" அது யார் அதிகாரத்துல வருதுன்னு கால் மணி நேரம் விளக்கினார். நான் பக்கத்துல நின்னு தலையாட்டினேன்.

ரெண்டு நாள் கழிச்சு, நம்மளை எதிர்த்து நின்னு ஜெயிச்ச அந்த வாய்ச்சவடால் வந்தான். காலிக் குடத்தைப் பார்த்தான். போனை ஸ்பீக்கர்ல போட்டு, "சாயங்காலத்துக்குள்ள தண்ணி ஏறலைன்னா நானே வந்து உக்காருவேன்"னு கத்தினான். அந்தப் பக்கம் பேசினது அதிகாரியா, அவன் மச்சானான்னு முனியப்பனுக்குத்தான் வெளிச்சம். ரெண்டு நாள் தண்ணி வந்துச்சு. அப்புறம் பழைய கதை. ஆனா அத்தைக்காக ஒருத்தன் கத்தினான்ல? எழுபது வயசுல முதல் தடவையா.

"அப்போ ஏமாத்துக்காரனுக்கு வக்காலத்தா?"ன்னு கிளம்பி வருவீங்க. வாங்க. அவன் ஏமாத்துறான்னு அத்தைக்கும் தெரியும்.

அடுத்து "இலவசம்தான் நாட்டைக் கெடுக்குது"ன்னு பாடம் எடுப்பீங்க. 1967-ல ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு சொன்னது யாரு? 2006-ல கலர் டிவி, 2011-ல மிக்சி, கிரைண்டர். உங்க வீட்டுப் பரண்ல எது கிடக்குன்னு போய்ப் பாருங்க. ஓசூர்ல கம்பெனிக்குச் சலுகை குடுத்தா அது ஊக்குவிப்பு, அத்தைக்கு ஆயிரம் குடுத்தா பிச்சையா? 2023 ஜூலையில நம்ம தொப்பூர்லதான் அதுக்கு விண்ணப்பம் வாங்குற முகாமைத் தொடங்கினாங்க. என்ன பேர் வச்சாங்க? உரிமைத் தொகை. பேர் வச்சவனுக்கு ஓட்டு விழுது. 'ஓசி'ங்கிறவனுக்கு எப்படி விழும்?

"சாதியைத் தூண்டிவிடுறானே" என்பது நியாயமான பயம். 2012-ல சாதி வெறியில தலித் மக்களோட நத்தம் காலனி எரிஞ்சதை மறந்துட்டு இந்த மாவட்டத்துல அரசியல் பேச முடியாது. இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. ஆனா அவன் தினமும் டீக்கடையில உக்காந்திருக்கான். நாம அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வேன்ல போறோம். அவன் பேச்சை அங்கேயே மறுக்க ஆள் வேணாமா?

நாம என்ன பண்ணினோம்? அவன் இங்கிலீஷை மீம் போட்டுச் சிரிச்சோம். அத்தைக்கும்தான் இங்கிலீஷ் வராது. பெங்களூர்ல சித்தாள் வேலைக்குப் போற அத்தை மகளுக்கும் வராது. அந்த மீம் யாரைப் பார்த்துச் சிரிச்சுதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சுது, நமக்குப் புரியல. நானும் ஒண்ணு ஷேர் பண்ணினேன், ஒத்துக்கறேன். முதியோர் பென்ஷன் மனுவோட ஒருத்தரையாவது தாலுகா ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனோமா? பட்டா மாத்த அலையிறவங்க கூட ஒரு நாள் நின்னோமா? தேர்தல் இல்லாத வருஷத்துல அதைச் செய்யாம, அவனை எப்படித் தோற்கடிக்கறதுன்னு ஹோட்டல் ஏசி ஹால்ல கூட்டம் போடுறோம்.

இதை எழுதினதுக்கு "நீயும் விலை போயிட்டியா"ன்னு இன்பாக்ஸ்ல கேட்பாங்க. நேத்தே ஒருத்தர் கேட்டுட்டார். பத்து வருஷமா என்கூட ஒரே சைக்கிள்ல போஸ்டர் ஒட்டப் போன ஆளு.

ஆடியோவை அத்தை பேரன் அதுக்கும் போட்டுக் காட்டிட்டான். "குவாட்டருக்கா? நானா?"ன்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏங் கண்ணு, இது அன்னைக்கு உங்கூட வந்து நம்ம வீட்ல மோர் குடிச்சவர் குரல்தானே?"

இல்லன்னுட்டேன்.